விடைத்தாளில் நான்கு ஜன்னல்

டாக்டரைப் பார்க்க இன்னும் ஏழு மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தன.

டீச்சர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்பின் முன்னால் வெள்ளைத் திரையை இறக்கினாள். மடிக்கணினியில் 'தெருவும் காலமும்' தளம் திறந்தது. பழைய படங்கள், வரைபடங்கள், வாரத்துக்கு ஒரு பாடம். வரலாற்றையும் சமூக அறிவியலையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல தளம் அவளுக்குக் கிடைத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் புதுப் பாடம் ஏறும். ஒரு பெண் குரல் அதை வாசிக்கும். அலட்டிக்கொள்ளாத குரல். முகம் காட்டியதே இல்லை.

அந்தக் குரலால்தான் இப்போது வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

போன சனிக்கிழமை சாப்பிடும்போது, ஒன்பது வயது மகள் வாண்டு, காகிதம் ஊர் ஊராகப் பயணம் போன கதையை ஒரே மூச்சில் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "சுவரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் புதுப் பாடத்தை ஓட்டிய டீச்சர், பாதியில் நிறுத்தி முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அதே கதை. அதே சொற்கள். நடுவில் ஒரு மூச்சு வாங்கல்கூட அதே இடத்தில்.

தளத்தில் ஏறாத பாடம் இரண்டு நாள் முன்பே வாண்டுவின் வாயில் எப்படி வந்தது?

வாண்டு மாற்றிச் சொல்லவில்லை. "சுவரு சொல்லிச்சு. நான் தப்பா சொன்னா தட்டும்."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பார்வையில் கோளாறு என்றால் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. "எங்கம்மாவோட தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. யாரோ பேசறாங்க, யாரோ தட்டறாங்கன்னு. கடைசியில என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்" என்றார். டீச்சருக்குத் தெரியும். அதனால்தான் அவளும் தலையாட்டினாள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணி.

"மிஸ், பேப்பரைத் திருத்திட்டீங்களா?"

முதல் பெஞ்சிலிருந்து ரெட்டைப் பின்னல் கேட்டாள். டீச்சர் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குபவள்.

"திருத்திட்டேன். மூணாவது கேள்வியில மட்டும் முப்பத்தொரு பேரும் தப்பு. யாரைப் பார்த்து யார் எழுதினது?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

'எண்ணு, ஒப்பிடு, கேள்' என்று அந்தத் தளத்தில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு தெருவின் பழைய படத்தைப் பார்த்துக் கதவு, ஜன்னல், மரம் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பிறகு அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை எடுத்து அதையும் எண்ண வேண்டும். என்ன மாறியது, ஏன் மாறியது என்று கேட்க வேண்டும். தளத்தில் டீச்சரின் தெருவும் இருந்தது. இன்றைய படத்தை ஞாயிற்றுக்கிழமை ரெட்டைப் பின்னல் தன் வீட்டு வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது கேள்வி: பச்சை வீட்டு மாடியில் அன்று எத்தனை ஜன்னல், இன்று எத்தனை?

பச்சை வீடு டீச்சருடையது. வகுப்புக்கு அதில் ஏக சந்தோஷம்.

விடைத்தாளை அவளேதான் தயாரித்தாள். பழைய படத்தைப் பார்த்து, 'அன்று ஐந்து' என்று எழுதினாள். இன்றைய படத்தை எண்ணவில்லை. எதற்கு எண்ண வேண்டும்? வாராவாரம் துடைக்கிற ஜன்னல்கள். படுக்கையறையில் இரண்டு, வாண்டு அறையில் இரண்டு. 'இன்று நான்கு. ஒன்று அடைக்கப்பட்டுவிட்டது' என்று எழுதிவிட்டாள்.

"அன்னைக்கு அஞ்சு, இன்னைக்கு நாலு. நீங்க எல்லாரும் ரெண்டுலயும் அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க."

"அஞ்சுதான் மிஸ்" என்றாள் ரெட்டைப் பின்னல்.

"என் வீட்டு ஜன்னல் எனக்குத் தெரியாதாம்மா?"

"நீங்க உள்ளேருந்து எண்ணியிருப்பீங்க மிஸ். நாங்க வெளியேருந்து எண்ணினோம்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டேதான் படத்தைத் திரையில் போட்டாள். குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வகுப்பும் சேர்ந்து கத்தியது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

குச்சி நின்றது.

"அஞ்சு!" என்று வகுப்பு முடித்துவைத்தது.

நான்காவது ஜன்னலுக்குப் பிறகு ஒரு முழம் பச்சைச் சுவர். அப்புறம் இன்னொரு ஜன்னல். அதற்கும் அப்பால் மழைநீர்க் குழாய். குழாய்க்கு அந்தப் பக்கம்தான் பக்கத்துக் கிடங்கின் நீலச் சுவர் தொடங்கியது. மூன்று வருடமாக அந்த ஜன்னலைக் கிடங்கின் ஜன்னல் என்றே நினைத்து அதன் கீழே நடந்து போய்வந்திருக்கிறாள். கிடங்கு நீலம். ஜன்னல் இருந்த சுவர் பச்சை.

படத்தைப் பெரிதாக்கினாள். நான்கு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஐந்தாவது கையகலம் திறந்திருந்தது. விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் தண்ணீர். தண்ணீரில் ஒரு செடிக்கொப்பு, இரண்டு பச்சை இலைகளோடு.

"அந்த ரூம்ல யாரு மிஸ் இருக்காங்க?"

"சாமான் போடற ரூம்" என்றாள் டீச்சர். மாணவர்களிடம் அவள் பொய் சொல்வது அதுதான் முதல் தடவை.

பேச்சை மாற்றப் பாடத்தை ஓட்டினாள். அந்தப் பெண் குரல் சந்தைகளைப் பற்றிப் பேசியது. முடிவில் எப்போதும்போல, "சரி, புறப்படலாம்" என்றது. வகுப்பு மொத்தமும் கூடவே ராகம் போட்டுச் சொன்னது. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

மதிய இடைவேளையில் கணவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டு மாடியில எத்தனை ஜன்னல்?"

"நாலு. ஏன், டீச்சரம்மா வீட்டுலயும் பரீட்சை வைக்கறீங்களா?"

"வெளியேருந்து அஞ்சு இருக்கு."

"ஒண்ணு பக்கத்துக் கிடங்கோடது."

"இல்ல. நம்ம சுவர்ல இருக்கு. திறந்திருக்கு. செடி வெச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் யாரோ எழுத்துகளைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் அவர்களிடம், "அடுத்த வரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. குழந்தை சுவர் பேசுதுங்கறா. நீ ஜன்னல் முளைச்சிருக்குங்கற. நாலரைக்கு வந்துடறேன். அவளைக் கிளப்பி வை. தேவைன்னா உனக்கும் சேர்த்து ஒரு டோக்கன் வாங்கிடலாம்."

சிரிப்புக்காகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளி விட்டு மகளோடு வீட்டுக்கு நடந்தாள். வாண்டு புத்தகப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, டாக்டர் ஊசி போடுவாரா?"

"பேசுவார், அவ்வளவுதான்."

"நான் பொய் சொல்றேன்னு அப்பா நினைக்கறார். நீயும்."

டீச்சர் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, முகத்தை நிமிர்த்தினாள். பச்சைச் சுவர் வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஐந்தாவது ஜன்னல் இன்று சாத்தியிருந்தது. கண்ணாடி டம்ளர் உள்ளே போயிருந்தது.

மகளும் அண்ணாந்து பார்த்தாள். "இப்ப தூங்கிட்டிருப்பாங்க. ராத்திரியெல்லாம் வேலை. நாலு மணிக்கு எழுந்துப்பாங்க."

"யாரு?"

"சுவரு" என்றாள் வாண்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

கூடத்தில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க வாரத்தில் பாதி நாள் இந்த முனை ஊரில் குடும்பத்தோடு, பாதி நாள் வண்டி போய் நிற்கிற அந்த முனை ஊரில். மாமியார் காலமான பிறகு இந்த வீட்டை வாங்கித் தனியாக வந்தார். இவர்கள் குடிவந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. வருவதற்கு முந்தின மாதம்தான் வீட்டை ஒழுங்குபண்ணி, பச்சை வண்ணம் அடித்துவைத்தார்.

"குழந்தையை இன்னைக்கே கூட்டிட்டுப் போகணுமாம்மா?" என்றார். காலையிலிருந்து மூன்றாவது முறை கேட்கிறார்.

"அவர் நேரம் வாங்கிட்டார் மாமா."

"சின்னப் பிள்ளை. தானா சரியாயிடும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"மாமா, மாடியில எத்தனை ஜன்னல்?"

அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டார்.

"துடைக்கறது நீ. என்னைக் கேக்கறியே" என்றார் கடைசியில்.

மாடியில், வாண்டுவின் அறைக்கதவைச் சாத்தினாள் டீச்சர். மகளின் மேசை அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. அங்கே ஆணி அடிக்காதேம்மா, பழைய சுவர், உதிரும் என்று வந்த புதிதில் மாமனார் சொன்னார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மற்ற மூன்று சுவர்களிலும் மேடும் பள்ளமும் இருந்தன. பழைய சுவர் என்று சொன்ன இது மட்டும் வழுவழுவென்று இருந்தது.

மணி நாலு பத்து.

"வாண்டு, நீ தினம் எப்படிப் படிப்பே? அப்படியே படி. நான் பேச மாட்டேன்."

வாண்டு டேப்லெட்டில் தளத்தைத் திறந்தாள். கேள்விகளை உரக்கப் படித்துப் பதில் சொல்வது அவள் பழக்கம்.

"முதல்ல வந்தது காகிதமா, அச்சு இயந்திரமா? காகிதம்!"

ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது. அவ்வளவுதான். டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

பிறகு சுவரில் ஒரு தட்டல். விரல் முட்டியால் தட்டுவதுபோல மெதுவாக. ஒரே ஒரு தரம்.

"ஒண்ணு தட்டினா சரி" என்று வாண்டு கிசுகிசுத்தாள். "ரெண்டு தட்டினா தப்பு. பாரேன், இப்ப வேணும்னே தப்பா சொல்றேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காசு வர்றதுக்கு முன்னாடி மக்கள் எப்படிப் பொருள் வாங்கினாங்க? கடன் அட்டையில!"

இரண்டு தட்டல். இரண்டாவதற்குப் பிறகு, சிரிப்பை அடக்குவதுபோல ஒரு சின்ன மூச்சு.

எலி இல்லை. குழாய் இல்லை. எலிக்குப் பண்டமாற்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால், தன் மகளின் முகத்துக்கு நேராக ஒரு முகம் இருக்கிறது.

இந்த அறையில் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. கீழே மாமனார் காதில் விழக் கூடாத பேச்செல்லாம் இங்கேதான். போன மாதம் கணவர் இங்கே நின்றுதான், வீட்டை விற்றுவிட்டு அப்பாவை ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாள்.

அந்தப் பேச்சும் சுவரைத் தாண்டிப் போயிருக்கும்.

அவள் மகளின் காதில் ஒரு கேள்வியைச் சொன்னாள். வாண்டு விழித்தாள். "இது பாடத்துலயே இல்லையே?"

"கேளு."

"இந்த வீட்டுல மொத்தம் எத்தனை பேர் இருக்கோம்?" வாண்டு விரல் விட்டாள். "அம்மா, அப்பா, தாத்தா, நான். நாலு பேர்!"

வெகுநேரம் ஒன்றும் இல்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கணவருடைய ஸ்கூட்டர் சத்தம்போல இருந்தது.

சுவர் தட்டியது.

ஒன்று.

வாண்டு, "பாத்தியா, சரின்னு..." என்று ஆரம்பித்தாள்.

இன்னொன்று.

கேட் திறந்தது. படியேறி வரும் செருப்புச் சத்தம். கணவர் வாசற்படியிலேயே நின்றார். "இன்னும் சீருடைகூட மாத்தலையா? கிளம்பு கிளம்பு. அஞ்சு மணிக்கு நாம வரலேன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவாங்க."

"ஒரு நிமிஷம் நில்லுங்க. சுவருக்குப் பின்னால ஆள் இருக்கு."

"நீயுமா?"

"நானே கேட்டேன்."

"அந்தப் பக்கம் கிடங்கு. மரச்சாமான். நாலு எலி ஓடியிருக்கும்."

"எலி விடை திருத்துமாங்க?"

அவர் மகளின் கையைப் பிடித்தார். வாண்டு மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள். "நான் பொய் சொல்லல! எனக்கு ஒண்ணும் இல்ல! நான் வர மாட்டேன்!" மேசை தரையில் கிறீச்சென்று இழுபட்டது. டேப்லெட் கீழே விழுந்தது.

"விடுடா அவளை."

மாமனார் கதவருகே நின்றிருந்தார். மூட்டு வலியால் மாடி ஏறுவதே இல்லை என்று பேர். மூச்சு இரைத்தது.

"அப்பா, நீங்க ஏன் ஏறி வந்தீங்க?"

"குழந்தையை டாக்டர்கிட்ட கொண்டுபோக வேண்டாம். அவ காது நல்லாத்தான் இருக்கு."

கணவர் கையை எடுத்தார். அப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கண்ணைச் சோதிக்கிற ஆளுக்கு அப்போதுதான் ஏதோ கண்ணில் பட்டதுபோல இருந்தது.

"அந்தப் பக்கம் நம்ம ரூமா?"

மாமனார் தலையசைத்தார். "பின்சந்துல இருக்கே இரும்புப் படி, அது கிடங்கோடது இல்ல, அந்த ரூமுக்குப் போறது. நீங்க வர்றதுக்கு முன்னாடி சுவர் வெச்சேன்."

"வாடகைக்கு விட்டிருக்கீங்களா? சொல்லியிருக்கலாமேப்பா! இதுக்குப்போய் ஒரு சுவரா? வாடகைக்கு ஆள் வெச்சா நான் என்ன, கோவிச்சுக்கவா போறேன்?"

சுவர் இரண்டு முறை தட்டியது.

தப்பு.

கணவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். வாண்டு மட்டும் பயப்படவில்லை. மேசைக்காலை விட்டுவிட்டு, தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் பேரப்பெண்ணின் தலையில் கை வைத்தார். நீண்ட பயணத்துக்கு முன்னால் நிற்பவர்போல நிமிர்ந்துகொண்டார். சாப்பிட்டு எழும்போதும், நாற்காலியை விட்டு எழும்போதும், வேலைக்காலத்துப் பழக்கத்தில் எப்போதும் சொல்கிற அதே சொல்லைத்தான் இப்போதும் சொன்னார்.

"சரி. புறப்படலாம்."

"சுவரும் இப்படித்தான் சொல்லும் தாத்தா" என்றாள் வாண்டு. "பாடம் முடியறப்போ."

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருடமாக இதை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாள். பள்ளியில் ஒரு குரலில், வீட்டில் ஒரு குரலில். 'சரி'க்குப் பிறகு அதே சின்ன நிறுத்தம். ஒரு தடவைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ராத்திரியில் ஊர் அடங்கிய பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடத்தைப் பதிவுசெய்கிறவள், அதற்கு முன் வாரமெல்லாம் சாயங்காலத்தில் வாய்விட்டு வாசித்துப் பழகியிருக்கிறாள். ஒரு குழந்தை இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறது.

"அப்பா" என்றார் கணவர். "யாருப்பா அது?"

மாமனார் மகனைப் பார்க்கவில்லை. வழுவழுப்பான அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பக்கமும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார்.

"வண்டி போய் நிக்கற ஊர்ல பொறந்தவ. என் பொண்ணு. உன் தங்கச்சி."